கவுஸ் பாஷா கேட்ட நிறம்

எனக்கு இனிப்புச் சாப்பிடும் பழக்கம் கிடையாது, ஐயா. அதனால் என் அறையில் கேசரிப் பவுடர் டப்பா எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன்னால் மருந்துக் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவற்றைப் புரிந்துகொண்டால் என்னைப் புரிந்துகொள்வது சுலபம்.

காலையில் எனக்குக் கல்லூரி; பி.எஸ்ஸி. வேதியியல், கடைசி வருஷம். சாயங்காலம் ஆம்பூர் பஜாரில் என் தாய்மாமன் ஜம்புலிங்கத்தின் மருந்துக் கடை. ஹலீமா பீயை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

அவர் கணவர் கவுஸ் பாஷா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர். வலிப்பு நோய்க்காரர். நல்ல கூலி கிடைப்பது சுண்ணாம்புக் குழியில். குழி விளிம்பில் நின்று, ஊறும் தோலை இடுக்கியால் புரட்ட வேண்டும். வலிப்பு வந்தால் ஆள் உள்ளேதான் விழுவார். ஆகையால் மேஸ்திரி அவரைக் கிடங்கில் தோலுக்கு உப்புத் தடவ வைத்திருந்தார், பாதிக் கூலிக்கு. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் வலிப்பு வராது. விடாமல் வாங்க அந்தக் கூலி போதாது. பிரச்சினை இவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் வேதாசலம் இதற்கு ஒரு வழி கண்டார். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, பினோபார்பிடோன் என்று மருந்தின் சொந்தப் பெயரைச் சீட்டில் எழுதினார். எந்தக் கம்பெனியானாலும் சரி, விலை குறைந்ததை வாங்குங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர். மருந்துக் கடைப் பக்கம் அவர் போனதில்லை போலிருக்கிறது.

மாமா சீட்டைப் பார்த்தார்.

"இன்னா கம்பெனிம்மா?"

"எதுன்னாலும் பரவால்லன்னாரு, அண்ணா. வெல கம்மியா இருக்கணுமாம்."

"அப்டி ஒரு மாத்தரையே கெடையாது. கம்பெனி பேரு எழுதினு வா."

"காலைல ஒரு கடைல இதேதான் சொன்னாங்க. போய்க் கேட்டா டாக்டரு அதே சீட்டத்தான் திருப்பித் தர்றாரு."

"அப்ப மாத்தரையும் அவரையே தரச் சொல்லு."

இதைச் சொன்னபோது மாமாவின் முழங்கைக்குப் பின்னால் அதே மருந்து பெரிய தகர டப்பாவில் இருந்தது. ஒரு நர்சிங் ஹோமுக்கு மொத்தமாகக் கொடுப்பதற்காக வாங்கியது. கம்பெனி மாத்திரையில் நாலில் ஒரு பங்கு விலை. சில்லறையில் விற்க ஆரம்பித்தால் கம்பெனி மாத்திரை அலமாரியிலேயே தூங்கும். மாமா பொய் சொல்லவில்லை, ஐயா. வியாபாரம் செய்தார்.

ஹலீமா பீ மற்ற கடைகளுக்கும் போனார். ஒரு கடையில் முழு டப்பாவாக எடுத்தால் தருவதாகச் சொன்னார்கள். இன்னொரு கடைக்காரர் சீட்டை வெகுநேரம் படித்துவிட்டு ஒரு சத்து மாத்திரையைக் கட்டிக் கொடுத்தார். அன்று ராத்திரி கவுஸ் பாஷாவுக்கு நல்ல சத்தோடு வலிப்பு வந்தது.

மறுநாள் மாமா சாப்பிடப் போன நேரத்தில், மறுபடி வந்து நின்ற ஹலீமா பீயிடம் நான் அந்தத் தகர டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். திருட்டு என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த நாளே புருஷனும் பெண்சாதியுமாகப் பொட்டலத்தோடு வந்து நின்றார்கள்.

"இவரு இத வாயிலயே வெக்க மாட்றாரு, தம்பி."

"எப்டி வெக்கறது?" என்றார் கவுஸ் பாஷா. "நான் இருவது வருசமா தோல் பாக்குறவன். ஃபினிஷிங் இல்லாத சரக்க எவனாச்சும் எடுப்பானா? வெள்ள வெளேர்னு, சாக்பீஸ் மாரி. முன்ன சாப்டது மஞ்சளா இருக்கும். அது சரக்கு."

"உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதான், பாய்."

"உள்ளாற இருக்கறத யாரு பாத்தா? மேல பாத்துதான் கிரேடு."

ஹலீமா பீ என்னைப் பார்த்தார். "புடிவாதம். தோலாட்டம் இவரையும் ஊறப் போட்டாத்தான் சரிப்படும்" என்றார். கவுஸ் பாஷாவே சிரித்துவிட்டார்.

கேசரிப் பவுடர் வந்தது இப்படித்தான். பவுடரைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் மாத்திரை உதிர்ந்துவிடும். ஸ்பிரிட்டில் குழைத்து, வெள்ளை மாத்திரையை அதில் உருட்டி, மின்விசிறியின் கீழ் உலர்த்த வேண்டும். மூன்று வருஷப் படிப்பு பயன்பட்ட ஒரே இடம். கம்பெனி மாத்திரைதான், மாணவன் என்பதால் எனக்குச் சலுகை விலை என்று சொன்னேன். கவுஸ் பாஷா ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ஏ ஒன்" என்றார்.

வலிப்பு நின்றது. பங்குனியிலிருந்து ஆடி வரை ஒருதரம்கூட வரவில்லை. ஹலீமா பீ பஜாரில் என்னை 'டாக்டர் தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

ஆடிக் கடைசியில் நர்சிங் ஹோம்காரர்கள் டப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள். வேலூருக்குப் பஸ் ஏறினால் மொத்தக் கடையில் வாங்கி வந்திருக்கலாம். அரை நாள் வேலை. ஹலீமா பீயிடம் உண்மையைச் சொல்லியும் இருக்கலாம். சொன்னால் டாக்டர் தம்பி மறுபடி வெறும் லோகநாதன் ஆகிவிடுவான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவரைக் குணப்படுத்தியதில் மருந்தின் பங்கு எவ்வளவு, மஞ்சளின் பங்கு எவ்வளவு? ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், அதுதான் ஆராய்ச்சி என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். நான் நிறத்தை மாற்றவில்லை. அளவை மாற்றவில்லை. மருந்தை மட்டும் மாற்றினேன். வயிற்றுப் பொருமலுக்குத் தரும் சோடா மாத்திரை ஏறக்குறைய அதே அளவு.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உற்சாகமாக இருந்தது. கல்லூரி ஆண்டு மலருக்கு, நிறத்தை நம்பும் நம் மக்களைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரைகூட ஆரம்பித்தேன். நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் ஹலீமா பீ தனியாக வந்தார்.

"தம்பி, அவருக்குத் தூக்கமே இல்ல. கை வெடவெடன்னு நடுங்குது. மாத்தரை ஒத்துக்கலியா?"

"சூடும்மா. மோர் குடுங்க."

"அதுக்கில்ல. மேஸ்திரி நாளைலேர்ந்து குழிக்கு வரச் சொல்லிட்டாரு. இத்தினி மாசமா நல்லாத்தான இருக்கறன்னு. இவரும் குதிக்கறாரு. எனக்குத்தான் பேஜாரா இருக்குது. நீ படிச்சவன். போலாமா வேணாமா, ஒரு வார்த்த சொல்லு."

கடையில் வேறு யாரும் இல்லை. மாமா உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். ஹலீமா பீ கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

"தாராளமா போகலாம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அடுத்த பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் கவுஸ் பாஷா குழிக்குள் விழுந்தார். கூட இருந்தவர்கள் இடுக்கியைப் போட்டு இழுத்தார்களாம். சுண்ணாம்பு கண்ணிலும் மூச்சிலும் போய்விட்டது. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். ஹலீமா பீ என்னைப் பார்த்து, "உன் மேல கொற இல்ல தம்பி, அவரு நேரம்" என்றார்.

மிச்சமிருந்த மாத்திரைகளை அவர் வீணாக்க விரும்பவில்லை. வேறு ஏழை வலிப்புக்காரருக்கு ஆகட்டுமே என்று டாக்டர் வேதாசலத்திடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். டாக்டர் கை கழுவிவிட்டு வந்து ஈர விரலால் ஒன்றை எடுத்தாராம்; விரல் மஞ்சளானது. நாக்கில் வைத்துப் பார்த்தார்; கசக்க வேண்டிய மருந்து உப்புக் கரித்தது. அதனால்தான் நீங்கள் என் அறைக்கு வந்தீர்கள்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுத வேண்டாம். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும் என்று கடையில் இருக்கும் மருந்துப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. சோடா மாத்திரைக்கு நிறம் ஏற்றுவதற்கு முன்பே படித்தேன். கை நடுங்குகிறது என்று ஹலீமா பீ சொன்னபோது, புத்தகத்தில் அந்த வரி பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பதுகூட எனக்கு நினைவுக்கு வந்தது. தெரிந்தேதான் போகச் சொன்னேன்.

மாமாவை விட்டுவிடுங்கள், அவர் காசுக்காக எதையும் செய்பவர், இதைச் செய்யவில்லை. என்னைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்: அந்தக் கடைசிப் பொட்டலத்துக்கு நான் பைசா வாங்கவில்லை. ஏழை நோயாளியை ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது.