ஆமை பாத்த கணக்கு

— அத்தை, முதல்ல தலையைத் துவட்டுங்க. அந்தக் கணக்கு அட்டை எங்கயும் ஓடிப் போயிடாது.

— நீ துவட்டி விடு. எனக்குக் கை ரெண்டும் வேலையா இருக்கு. ஆழத்துக்கு இந்த வரிசை, நேரத்துக்கு இந்தக் கட்டம்... அப்படியே விரலை நகத்திக்கிட்டே வந்தா... அடடா.

— என்ன அடடா?

— இப்போதைக்குத் திரும்பக் கடலுக்குள்ள இறங்க முடியாது பொண்ணே. அந்தக் கொடிக்கம்பத்தோட நிழல் இந்தப் பலகைக்கு வரணும். அதுவரைக்கும் படகுலதான்.

— அய்யோ அத்தை! என் கையில வாட்ச் மாதிரி கட்டியிருக்கிற கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்ச நேரத்துல இறங்கலாம்னு காட்டுது.

— அது உன் கை, உன் கம்ப்யூட்டர். என் கையில அட்டை.

— ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இறங்கினோம், ஒண்ணாத்தானே ஏறினோம்?

— எங்க ஒண்ணா? நீ மேல பவளப்பாறையை வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னே. நான் ஆமையைப் பாக்கக் கீழ போனேன்ல?

— அது கண்ணைச் சிமிட்டற நேரம்! போனீங்க, வந்தீங்க. நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஆமையும் இல்ல, ஒண்ணும் இல்ல.

— கண்ணைச் சிமிட்டினாலும் போனது போனதுதான். ஆழம் காட்டற முள்ளு எங்க போய் நின்னுச்சோ, மொத்த நேரமும் நான் அங்கயே இருந்தேன்னுதான் அட்டை எடுத்துக்கும். அதிகமா எவ்வளவு ஆழம் போனே, எவ்வளவு நேரம் தண்ணியில இருந்தே. ரெண்டே கேள்வி. தீந்துச்சு.

— அதைத்தான் நானும் சொல்றேன். கம்ப்யூட்டர் அப்படி இல்ல. கூடவே வந்து பாக்கும். மேல இருந்தா மேல இருந்த கணக்கு, கீழ போனா கீழ போன கணக்கு. உடம்புல எவ்வளவு நைட்ரஜன் சேந்திருக்கு, எப்ப வெளியேறும், எப்பத் திரும்ப இறங்கினா ஆபத்து இல்லைன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் போட்டுக்கிட்டே வரும். அந்த ஆமை மட்டும் வராம இருந்திருந்தா உங்க அட்டையும் சீக்கிரம் விட்டிருக்கும்.

— பஸ் டிப்போவுல டைம் கீப்பரா குப்பை கொட்டினவடி நான். வழியில கூட்டம், நடுவுல டீ குடிச்சேன்னு டிரைவர் வந்து கதை சொன்னா கேப்பேனா? கிளம்பின நேரம், வந்த நேரம். தீந்துச்சு.

— அதான் ஊர்ல அத்தனை டிரைவரும் உங்களைப் பாத்தா அந்தப் பக்கத் தெருவுல போறாங்க.

— என்னம்மா, அடுத்த ரவுண்டுக்கு நான் எப்பப் படகைக் கிளப்பறது? காத்து கிளம்பறதுக்குள்ள அந்த மூழ்கின கப்பலைக் காட்டிடணும். அதுக்கப்புறம் படகு ஊஞ்சல் ஆடும். வாந்தி எடுத்தா நான்தான் கழுவணும்.

— நான் ரெடி அண்ணே. நாளைக்கு ஊருக்குத் திரும்பணும், இன்னிக்கு விட்டா எனக்குக் கப்பல் கிடையாது. இவங்க அட்டைதான் விடமாட்டேங்குது.

— அப்ப ஒண்ணும் பண்ண முடியாதும்மா. சேந்து இறங்கற ஜோடியில யாரு கணக்கு ஜாக்கிரதையா இருக்கோ, அதுதான் ரெண்டு பேருக்கும். உங்களுக்கு டைவிங் கத்துக் கொடுத்த மாஸ்டர் போட்ட சட்டம். நான் படகு ஓட்டறவன், எனக்கெதுக்கு வம்பு?

— பாத்தியா? அவரே சொல்லிட்டாரு.

— அண்ணே, நீங்க எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருப்பீங்க. புதுசா கத்துக்கறவங்களுக்கு எது நல்லது, கம்ப்யூட்டரா அட்டையா? மனசாட்சியோட சொல்லுங்க.

— கம்ப்யூட்டர்காரங்க தண்ணிக்குள்ளயே கையைப் பாத்துக்கிட்டு ஏறுவாங்க. அட்டைக்காரங்க ஏறினதுக்கப்புறம் சண்டை போடுவாங்க. யாரா இருந்தாலும் என் பிஸ்கட் பொட்டலம் காலி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— நடுக்கடல்ல பேட்டரி போச்சுன்னா உன் கம்ப்யூட்டர் வெறும் வளையல். அப்ப என்ன பண்ணுவே?

— அட்டையை அறையிலயே விட்டுட்டு வந்தா? நேத்து யாரு விட்டுட்டு வந்தது?

— அது பையை மாத்தினதுல ஆனது. சும்மா அதையே சொல்லாதே. அட்டை வேண்டாம்னா மாஸ்டர் எதுக்கு மாங்கு மாங்குன்னு சொல்லிக் கொடுத்தாரு?

— கம்ப்யூட்டர் உள்ள என்ன பண்ணுதுன்னு நமக்கும் புரியணும்னுதான். புரிஞ்சுக்கிட்டோம்ல, விடுங்க. சரி, கடையில உங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுத்தோமே. பெட்டியைப் பிரிச்சீங்களா இல்லையா?

— பத்திரமா இருக்கு.

— பத்திரமா வெக்கறதுக்கா வாங்கினது? எழுத்து பெருசா தெரியணும்னு உங்க பையன் கடை கடையா ஏறி இறங்கி வாங்கினாரு.

— அவனுக்குக் காது அடைக்காம இருந்திருந்தா அவனே கட்டிக்கிட்டு உன்கூட இறங்கியிருப்பான். அவன் இடத்துக்கு நான் வந்ததே கூத்து.

— கூத்துதான். முதல் நாள் நீச்சல் குளத்துல, காலுக்கு அந்த வாத்துச் செருப்பை மாட்டிக்கிட்டு நீங்க பின்பக்கமா நடந்து வந்தீங்களே! அவரு சிரிச்ச சிரிப்புல இன்னொரு காதும் அடைச்சுக்கிச்சு.

— சிரிக்கட்டும். காத்து முள்ளைப் பாத்தியா? நீ ஏறும்போது சிவப்புகிட்ட வந்துட்டே. என் சிலிண்டர்ல பாதி அப்படியே இருக்கு.

— நான் தண்ணிக்குள்ளயும் மனசுக்குள்ள பேசிக்கிட்டே இருக்கேன் போல.

— அங்க போனா யாருடி உனக்கு ஜோடி?

— எங்க போனா?

— அதான், வர்ற வாரம் மூட்டை கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் வெளிநாடு போறீங்களே. அங்கயும் கடல் இருக்காம், அவன் சொன்னான்.

— இருக்கு. ஐஸ் மாதிரி இருக்குமாம். ஜோடி யாராவது கிடைப்பாங்க. உங்களுக்கென்ன, நான் போனா நிம்மதி.

— யாரு சொன்னா?

— யாராவது சொல்லணுமா? நீங்க மனுஷங்களையும் அட்டை வெச்சுத்தானே கணக்குப் போடறீங்க.

— புரியற மாதிரிப் பேசு. உன் க்ளினிக்குக்குப் பல்லு காட்ட வர்றவங்க வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு, நீ சொல்றதுக்கெல்லாம் ஆ ஆன்னு படுத்திருப்பாங்க. நான் திருப்பிக் கேப்பேன்.

— கேளுங்க. கல்யாணம் ஆன புதுசுல, சொந்தக்காரங்க எல்லாரும் கூடத்துல உக்காந்திருக்கும்போது நான் ஒண்ணு சொன்னேன்.

— இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னே.

— பாத்தீங்களா! எழுத்துப் பிசகாம ஞாபகம் இருக்கு. அன்னிக்கு ஒரு நாள் கீழ போனேன் அத்தை. ஒரே ஒரு நாள். அதுக்கப்புறம் எத்தனை வருஷம் மேலயே இருந்திருக்கேன்? உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனப்போ க்ளினிக்குக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடிச் சொட்டு மருந்து விட்டது யாரு? அதெல்லாம் உங்க கணக்குல வராது. முள்ளு எங்க போய் நின்னுச்சோ, தீந்துச்சு.

— தண்ணி குடு. பிஸ்கட் தொண்டையில நிக்குது.

— இந்தாங்க. மெதுவா. குடிச்சுட்டுச் சொல்லுங்க.

— அன்னிக்குக் கோவம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். பின்கட்டுல போய் உக்காந்து அழுதேன். ஆனா குளத்துல மாஸ்டர் என் காத்தை மூடினாரே, ஞாபகம் இருக்கா?

— பயிற்சிக்கு. காத்து தீந்து போனா ஜோடிகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு.

— கையைக் கழுத்துக்குக் குறுக்க இப்படி வெட்டிக் காட்டணும்னு தலையால அடிச்சுக்கிட்டாரு. எனக்கு அந்த நேரம் எல்லாம் மறந்து போச்சு. உன் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். நான் கேக்கவே இல்ல. நீ உன்னோட இன்னொரு குழாயை எடுத்து என் வாயில வெச்சே. உன் காத்துல நான் மூச்சு விட்டேன் பாரு, அந்தப் பழைய பேச்சு அங்கயே முடிஞ்சுது. உனக்குத்தான் தெரியலை.

— சொன்னாத்தானே தெரியும்.

— சொல்றதுக்கு நீ எங்க நின்னே?

— ம்... அத்தை, என்ன சத்தம் அது?

— எது?

— பீப்புன்னு. இது என்னோடது இல்ல.

— படகுல ஏதாவது இருக்கும்.

— என் படகுல பீப்பெல்லாம் கிடையாதும்மா. இது டடடடன்னுதான் கத்தும். இருந்தாலும் எனக்கெதுக்கு வம்பு.

— கையைக் காட்டுங்க. அந்தக் கை இல்ல, இடது கை. எல்லாரும் ஏறினதும் ரப்பர் சட்டையைத்தான் முதல்ல கழட்டுவாங்க. இவங்க மட்டும் ஏன் கழட்டலைன்னு அப்பவே நினைச்சேன்.

— குளிருது.

— இந்த வெயில்லயா? கையை மடக்காதீங்க. கொஞ்சம் தளத்துங்க... அய்யோ அத்தை! கட்டியிருக்கீங்க!

— பையன் ஆசையா வாங்கினது. பெட்டிக்குள்ள கிடந்தா நல்லாவா இருக்கும்?

— எப்பல இருந்து?

— கடல்ல இறங்கின முதல் நாள்ல இருந்து. இது இல்லாம இறங்க எனக்கென்ன பைத்தியமா? உடம்பாச்சே.

— காட்டுங்க, இது என்ன சொல்லுதுன்னு பாப்போம்... உங்களோடதும் என்னோடதும் ஒண்ணைத்தானே சொல்லுது! கொஞ்ச நேரத்துல இறங்கலாம். அப்புறம் எதுக்கு அட்டையைக் காட்டி என்னை இங்க உக்கார வெச்சிருக்கீங்க?

— உக்கார வெக்கத்தான்.

— புரியலை.

— வீட்டுல நீ எங்கடி உக்காந்தே? காலையில க்ளினிக், சாயங்காலம் க்ளினிக், நடுவுல அந்த போன். என் பக்கத்துல வந்து சும்மா உக்காந்து ஒரு நாள் நான் பாத்ததில்ல. தப்புன்னு சொல்லலை, உன் வேலை அப்படி. இங்க அட்டை சொன்னா உக்காந்துதான் ஆகணும். உன் கம்ப்யூட்டரைக் கேட்டா ஒரு பிஸ்கட் கடிக்கறதுக்குள்ள எழுந்துடுவே. வர்ற வாரம் போயிடுவே. அப்புறம் நான் யாரை உக்கார வெப்பேன்?

— அண்ணே!

— சொல்லும்மா. நங்கூரத்தை எடுக்கவா?

— எடுக்காதீங்க. நாங்க அட்டைப்படியே போறோம். இன்னொரு பிஸ்கட் பொட்டலம் இருக்கா?

— இருக்கு. ஆனா காத்து வந்துச்சுன்னா கப்பல் கிடையாது. அப்புறம் என்கிட்ட வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.

— மூழ்கின கப்பல் எங்க போயிடப் போகுது? லீவுக்கு வரும்போது பாத்துக்கறேன். ஜோடி இங்கதானே இருக்காங்க.

— உண்மையாத்தான் சொல்றியா பொண்ணே? ஆசைப்பட்டியே.

— நகந்து உக்காருங்க. அந்த ஈரச் சட்டையைக் கழட்டுங்க முதல்ல, இனிமே ஒளிக்க ஒண்ணும் இல்ல. இந்தத் துண்டைப் போத்திக்கங்க.

— உன் தலையும்தான் ஈரம். இப்படித் திரும்பு.

— மெதுவா அத்தை, முடி போச்சு! கப்பல்கூடப் பரவாயில்ல. அந்த ஆமையைப் பாக்காம விட்டதுதான் எனக்கு வயித்தெரிச்சல். எவ்வளவு பெருசு இருந்துச்சு? எப்படி இருந்துச்சுன்னாவது சொல்லுங்க.

— எந்த ஆமை?