டீமில் நாலாவது ஆள்

சனிக்கிழமை கோடிங் வகுப்புக்குப் போகும் நெய்யாற்றின்கரை பஸ்ஸில், என்னுடன் படிக்கும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். பின்சீட்டில் நான் இருப்பதைக் கவனிக்கவில்லை.

"டீமுக்கு நாலாவதா ஒராளு வேணும். அந்த மாமன் மட்டும்தான் பாக்கி உண்டு, மக்கா."

வகுப்பிலேயே வயதில் மூத்த அந்த மாமன் நான்தான். இன்று டீம் கிடைக்காவிட்டால் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அந்தாளு வேண்டாம், எட்டி. சார் என்ன கேட்டாலும் தமாசு சொல்லுவாரு."

"அது பயத்துலயாக்கும்."

"பின்ன அந்தாள எதுக்குச் சேக்கணும்?"

"நமக்கும் ஒண்ணும் புரியேல. சாருகிட்ட சந்தேகம் கேக்க நமக்கு நாணக்கேடு. அந்தாளுக்கு அது கிடையாது."

"அப்பம் சேத்துக்கலாம்."

அமரவிளை ஸ்டாப் தாண்டியதும் கேட்பதற்கு ஒரு சந்தேகம் தேட ஆரம்பித்தேன். சந்தேகம் வரும் அளவுக்குக்கூட எனக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை.