மந்திரிசபைக்கு ஒருவரை அனுப்பிய தியாகலிங்கம்

இந்தத் துயர அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேரின்பநாதன் ஐயா அவர்களே, சங்க நிர்வாகிகளே, முன்வரிசையில் கண்ணீரோடு அமர்ந்திருக்கும் தியாகலிங்கம் அண்ணையின் துணைவியார் சிவநேசம் அக்கா, வேலை முடிந்த கையோடு தொழிற்சாலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் சங்கச் செயலாளர் யோகேந்திரனின் வணக்கம்.

மேடையில் இன்னொருவரும் இருக்கிறார். மாண்புமிகு அமைச்சரின் சார்பில் வந்திருக்கும் அவருடைய உதவியாளர். அவருக்கும் வணக்கம். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்து பிரஷாந்தினி பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளை, நான் சொல்லுறதை அப்படியே சொல்லு. ஒண்டையும் மெதுவாக்காதை.

யார் இந்தத் தியாகலிங்கம்? இந்த மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருடம் பெட்டி கட்டியவர். நானும் அதே வரிசையில் நின்று கட்டியவன். தேநீர் இடைவேளையில் நாங்கள் கிரிக்கெட் கதைப்போம். அவர் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு பாராளுமன்றம் கதைப்பார். இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்த நாளில் மற்றவர்கள் படம் பிடிக்கப் போனார்கள். அவர் கட்சி அலுவலகத்தைத் தேடிப் போய் உறுப்பினர் படிவம் கேட்டார்! அப்படிப்பட்ட மனிதர் எங்கள் தியாகலிங்கம் அண்ணை!

அவர் எதற்காகப் போன தேர்தலில் அப்படி உழைத்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரேசம்மா. பாசையூரைச் சேர்ந்தவர். கணவரையும் மூத்த மகனையும் யுத்தத்தில் பறிகொடுத்தவர். இருக்கும் ஒரே மகள் மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறாள். அந்த மகளிடம் வந்து சேர்ந்து, அரசிடம் அகதிக் கோரிக்கை வைத்தார். நாட்டில் இப்போது யுத்த நிறுத்தம், ஆகவே திரும்பிப் போகலாம் என்று நிராகரித்துவிட்டார்கள். எங்கே திரும்புவது? வீடு இல்லை, ஆள் இல்லை. நாடு கடத்தும் திகதி வந்தபோது நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தேவாலயத்துப் பாதிரியார் கதவைத் திறந்துவிட்டார். தேவாலயத்துக்குள் புகுந்து காவல்துறை பிடிக்காது. வெளியே காலெடுத்து வைத்தால் பிடிக்கும். பதினான்கு மாதமாகத் திரேசம்மா அந்த நிலக்கீழ் அறையில் இருக்கிறார்.

இதற்கு மருந்து என்ன? குடிவரவு அமைச்சர் மனம் வைத்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். எங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் அப்போது சாதாரண உறுப்பினர். நல்லவராகத்தான் இருந்தார். மூன்று கடிதம் எழுதினார். தேர்தல் வந்ததும் தியாகலிங்கம் அண்ணையின் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "என்னை மீண்டும் அனுப்புங்கள். இந்தத் தடவை நான் மந்திரிசபைக்குள் இருப்பேன். திரேசம்மாவின் கதையை அந்த மேசைக்கே கொண்டு போவேன்."

அதை நம்பினார் அண்ணை. நாம் எல்லோரும் நம்பினோம். ஒரு பக்கம் வாக்குக் கேட்டார், மறுபக்கம் திரேசம்மாவுக்காக மனுவில் கையெழுத்துக் கேட்டார். மெட்ரோ வாசலில், கோயில் வீதியில், தையல் தொழிற்சாலைப் படலையில், நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து! மூன்று பெட்டி! அந்த மூன்று பெட்டியையும் கொண்டுபோய் உறுப்பினரின் அலுவலகத்தில் ஒப்படைத்தார். பாராளுமன்றம் கூடியதும் முதல் வேலையாக இதைச் சபையில் வைப்பேன் என்றார் உறுப்பினர்.

தேர்தல் முடிந்தது. எங்கள் ஆள் வென்றார். அவருடைய கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சிறுபான்மை அரசு. நான் சோர்ந்துபோனேன். அண்ணை துள்ளினார்.

"தம்பி, உனக்கு விளங்கேல்லை. பெரும்பான்மை இல்லாத அரசெண்டா எல்லாப் பக்கத்தையும் சமாளிக்க வேணும். மேற்கில இருந்து இத்தனை பேர், அட்லாண்டிக் பக்கம் இத்தனை பேர், பிரெஞ்சு கதைக்கிற ஆக்கள், பெண்கள் எண்டு பாத்துப் பாத்துத்தான் மந்திரிசபை போடுவினம். குடியேறின ஆக்களின்ர வாக்கால வெண்ட எங்கட ஆளை விடமாட்டினம். இருந்து பார்!"

அவர் சொன்னது பலித்தது. அதுதான் கொடுமை.

பதவியேற்பு நாளன்று அவர் லீவு போட்டார். என்னையும் போடச் சொன்னார். நாங்கள் இருவரும் திரேசம்மாவின் அறையில் சின்னத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். ஒவ்வொருவராக வந்து சத்தியம் செய்தார்கள். ஒவ்வொருவரும் ஏன் வந்தார் என்று அண்ணை திரேசம்மாவுக்கு விளக்கினார். இவர் எண்ணெய் விளையும் மாகாணத்துக்காக. இந்த அம்மா தீவு மாகாணத்துக்காக. இவர் மற்றக் கட்சியிலிருந்து போன மாதம் தாவியவர், ஓர் ஆசனம் குறையக்கூடாது என்பதற்காக. இருபது வருடம் கட்சிக்கு உழைத்த ஒருவரின் பெயர் வரவேயில்லை. தாவியவரின் பெயர் வந்தது! நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். எங்கள் ஆளின் பெயரும் வந்தது. எழும்பிக் கை தட்டினோம். உள்நாட்டு நீர்வழிகளுக்கான இராஜாங்க அமைச்சர்!

திரேசம்மா கேட்டார்: "நீர்வழி எண்டா என்ன தம்பி?"

"கால்வாய், ஆறு, அதுகள் அம்மா."

"அப்ப என்ர விசா?"

"மந்திரிமார் எல்லாரும் ஒரு மேசையிலதான் அம்மா இருப்பினம். பக்கத்தில இருக்கிறவரிட்ட ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

அந்த ஒரு சொல் சொல்லப்பட்டதா? அவையோரே, சொல்லப்பட்டதா?

மூன்று வாரம் கழித்து அண்ணை அமைச்சரைப் பார்க்கப் போனார். மொழிபெயர்க்கப் பிரஷாந்தினியும் போனார். இப்போது இங்கே மொழிபெயர்க்கும் அதே பிள்ளைதான். அமைச்சர் கோப்பி கொடுத்தார். பிறகு சொன்னார்: "திரு லிங்கம், நிலைமை மாறிவிட்டது. நான் இப்போது அமைச்சர். இன்னோர் அமைச்சரின் துறையில் தலையிடக் கூடாது. கடிதம் எழுதக் கூடாது. மனுவைக்கூட அமைச்சராக இருப்பவர் சபையில் வைக்க முடியாது, விதி அப்படி. அதோடு இது சிறுபான்மை அரசு. எந்த வாக்கெடுப்பிலும் கவிழலாம். கொஞ்சம் பொறுமையாக இருங்கள்."

கேட்டீர்களா? சாதாரண உறுப்பினராக இருந்தபோது அவருக்கு வாய் இருந்தது. எழுதக் கை இருந்தது. நாம் வீடு வீடாக ஏறி இறங்கி அவரை மந்திரியாக்கினோம். வாயும் போனது, கையும் போனது! நாற்காலி மட்டும் கிடைத்தது. யாருக்கு?

அமைச்சரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இறங்கிப் போக எனக்கு ஆசைதான். முடியாது. ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் எங்கள் நிர்வாகக் குழு கூடியது. அண்ணை எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார். அந்தப் பெட்டிகளைச் சங்கத்தின் பெயரால் திருப்பி வாங்கி, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரிடம் கொடுப்போம். அவ்வளவுதான். அவருக்கு முதலில் பதில் சொன்னவன் நான்.

"அண்ணை, எங்கட ஆள் முதல்முதலாக் கபினெட்டுக்குள்ள இருக்கிறார். இப்ப எதிர்க்கட்சியிட்டப் போனா அவருக்குத்தான் அவமானம். அரசு கொஞ்சம் உறுதியாகட்டும். பேந்து பார்ப்பம்."

அண்ணை என்னைப் பார்த்தார். "பேந்து எண்டா எப்ப தம்பி? திரேசம்மாவிட்ட நான் எந்தத் திகதியைச் சொல்ல?"

 ஒன்பது பேர் இருந்த குழுவில் ஏழு பேர் அவருக்கு எதிராகக் கை உயர்த்தினோம். அந்த ஏழு பேரில் ஐந்து பேர் இப்போது இந்த மேடையில் இருக்கிறோம், கறுப்புப் பட்டி குத்திக்கொண்டு! அமைச்சரின் கோடை விருந்துக்கு நாங்கள் போனோம். அவரோடு நின்று படம் எடுத்தோம். தியாகலிங்கம் போகவில்லை.

அவர் தனியாகப் போனார், பெட்டிகளுக்காக. அமைச்சரின் தொகுதி அலுவலகத்தில், படியெடுக்கும் இயந்திரத்துக்குக் கீழே கிடந்தனவாம். ஒன்றின் மேல் கோப்பிக் கறை. காரில்லாத மனிதர். ஒரு நாளில் மூன்று தடவை பஸ்ஸில் போய் வந்து மூன்று பெட்டியையும் வீட்டில் சேர்த்தார். அன்று பின்னேரம் சிவநேசம் அக்காவிடம், "இடது கை நோகுது, பெட்டி தூக்கினதாலயாக்கும்" என்றாராம். அந்த நோவு பிறகும் விடவில்லை. மருத்துவரிடம் போகச் சொல்லி அக்கா மன்றாடினார். "மனுவுக்குப் பதில் வரட்டும், போறன்" என்றார்.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மனுவைச் சபையில் வைத்தார். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. நாற்பத்தைந்து நாளில் அரசு பதில் தர வேண்டும் என்பது விதி. தந்தது. இரண்டு பந்தி. "ஒவ்வொரு விண்ணப்பமும் அதனதன் தகுதியின் அடிப்படையில் ஆராயப்படுகிறது." அண்ணை அதைத் திரேசம்மாவிடம் கொண்டுபோய்த் தமிழில் வாசித்தார். அவர் கேட்டாராம்: "இதில என்ர பேர் எங்கை தம்பி?"

இல்லை. நாலாயிரம் பேர் கையெழுத்திட்ட அந்தப் பெயர் பதிலில் இல்லை.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், தொழிற்சாலையில் தேநீர் இடைவேளை. அண்ணை பத்திரிகையை விரித்தார். மந்திரிசபையில் மாற்றம் வரப்போகிறது என்று முதற்பக்கச் செய்தி. "யோகேந்திரன், குடிவரவுக்கு ஒரு புது ஆள் வரக்கூடும், பாப்பம்" என்றார். அதுதான் அவர் கதைத்த கடைசி வார்த்தை. மேசையில் சாய்ந்தார். அம்புலன்ஸ் வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயது! ஐயோ, என் அண்ணா! அப்போதும் உங்களுக்கு நம்பிக்கை இருந்ததே!

அமைச்சரின் அனுதாபச் செய்தியை நான் வாசிக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. ஒரு வரி வாசிக்கிறேன்: "அரசுக்கும் தமிழ்ச் சமூகத்துக்கும் இடையே திரு தியாகலிங்கம் ஒரு பாலமாக விளங்கினார்." பாலமா? அந்தப் பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போனவர் யார்? போனவர் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தாரா? மிச்சத்தை நான் வாசிக்கப் போவதில்லை. பிரஷாந்தினி, சொல்லிட்டியா? சரி.

இப்படிப்பட்ட கூட்டங்களில் அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்லி முடிப்பார்கள். கை தட்டுவார்கள். வடையும் தேநீரும் வெளியே இருக்கும். எனக்கு அப்படி முடிக்க முடியவில்லை. இந்த இழப்பில் சிவநேசம் அக்காவுக்கு அடுத்தபடியாக அழ உரிமை உள்ளவர் திரேசம்மா. அவரால் இங்கே வர முடியாது. இங்கிருந்து இருபது நிமிட நடை. அந்தத் தேவாலயப் படியைத் தாண்டினால் கைவிலங்கு. செத்த வீட்டுக்கும் அவர் வரவில்லை. அந்த நிலக்கீழ் அறையில் தனியாக இருந்து அழுதிருக்கிறார்.

ஆகவே மிச்சக் கூட்டத்தை அங்கே நடத்துவோம். தலைவர் அவர்களே, உங்கள் அனுமதியோடு. பாதிரியாரிடம் மத்தியானமே கேட்டுவிட்டேன், கதவு திறந்திருக்கும். அமைச்சரின் உதவியாளர் அவர்களே, நீங்களும் வாருங்கள். கால்வாய்களைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். ஒரு பெண் எந்த அறையில் இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள்.

புதிய மனு எழுதியாகிவிட்டது. அதில் முதல் கையெழுத்தை நான் அங்கே வைத்து, திரேசம்மாவின் முன்னால் போடப் போகிறேன். ஏன் தெரியுமா? பழைய மனுவின் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பெயர்களில் என் பெயர் இல்லை. என் தம்பியை இந்த நாட்டுக்குக் கூப்பிட நான் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் அப்போது அரசின் கையில் இருந்தது. பயந்துவிட்டேன். அண்ணை தாளை ஒரு தடவை நீட்டினார். நான், "பேனை இல்லை, நாளைக்குப் போடுறன்" என்றேன். அவர் சட்டைப் பையில் பேனை இருந்தது. எடுக்கவில்லை. "ஓம் தம்பி" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

கோட்டுகளைப் போட்டுக்கொண்டு எழும்புங்கள். போவம்.