ஜன்னலோர இருக்கை

மாத்தளையிலிருந்து காலை பஸ்ஸில் நாவுல பக்கம் போகிறவர்கள் இடது பக்கத்தில் உட்கார வேண்டும். வலது பக்கத்தில் உட்கார்ந்தால் நாலந்தா வரைக்கும் வெயில் முகத்தில் அடிக்கும். இது தெரியாமல் வலது பக்கம் பாய்ந்து இடம் பிடிக்கிறவர்களைப் பார்த்து நானும் செல்வரத்தினமும் எத்தனையோ சனிக்கிழமைகள் சிரித்திருக்கிறோம்.

செல்வரத்தினம் நில அளவைக் கந்தோரில் நில வரைபடம் வரைந்தவர். நான் தர்மராஜா, கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இருவருடைய அப்பாமாரும் வடக்கிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்டவர்கள். எங்கள் பேச்சைக் கேட்டு யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் எங்களைச் சேர்த்து வைத்தது ஊரும் இல்லை, உத்தியோகமும் இல்லை. நோவு.

எனக்கு முதுகும் இடுப்பும். அவருக்கு இன்ன இடம் என்றில்லை. இன்றைக்குக் கழுத்து, நாளைக்குத் தோள், மறுநாள் முழங்கால் என்று உடம்பெல்லாம் சுற்றும். டாக்டர்மார் படம் பிடித்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். எங்கள் நோவை நம்பியவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். சனிக்கிழமைகளில் நாலந்தாவில் ஒரு சிங்கள வைத்தியரிடம் எண்ணெய் பூசிக்கொள்ளப் போவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வாரம் யாருக்கு நோவு அதிகமோ, அவருக்கு ஜன்னலோர இருக்கை. பஸ் நிலையத்தில் நின்று, நேர்மையாகப் பேசித் தீர்மானிப்போம். என் மனைவி கமலாட்சி போன பிறகு, நான் ஒரு மனிதரோடு மனம்விட்டுப் பேசிய நாள் அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான்.

பஸ் புறப்பட்டதும் இருவரும் தூங்கிவிடுவோம். செல்வரத்தினத்தின் குறட்டைக்குக் கண்டக்டர் 'ரெண்டாவது இன்ஜின்' என்று பெயர் வைத்திருந்தார். இடையிடையே அந்த இன்ஜின் அப்படியே நின்றுபோகும். பிறகு திணறிக்கொண்டு மறுபடி ஓடும். நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

அவருடைய மனைவி மீனாம்பிகைக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவரைக் கண்டியில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நிற்கிறது, ஒவ்வொரு தடவையும் உடம்பு தெரியாமலே விழித்துக்கொள்கிறது, தூக்கம் கெட்ட உடம்புக்குச் சின்ன நோவும் பெரிய நோவாகத்தான் தெரியும் என்று அந்த டாக்டர் சொன்னாராம். இப்படியே விட்டால் ஒரு நாள் இதயமே நின்றுவிடலாம் என்றும் சொன்னாராம். டாக்டர்மார் எதையும் கொஞ்சம் பெரிதாகத்தான் சொல்வார்கள்.

லண்டனில் இருக்கும் மகள் ஒரு மூச்சு மெஷின் அனுப்பினாள். சப்பாத்துப் பெட்டி அளவு. ஒரு குழாய், மூக்கின் மேல் பொருத்தும் ரப்பர் மூடி. இரவு முழுக்கக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். அவ்வளவுதான், மருந்து கிடையாது, எண்ணெய் கிடையாது. சில மாதங்களில் செல்வரத்தினம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை பஸ் நிலையத்தில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னார்.

"தர்மண்ணே, இனி ஜன்னல் உங்களுக்குத்தான். எனக்கு நோவுன்னு சொல்ல ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணுமே இல்லையா?"

"எல்லாம் தூக்கத்தால வந்ததுதான். நீங்களும் நல்லாத்தான் கொறட்டை விடுறீங்க. ஒரு தடவ கண்டிக்குப் போய்க் காட்டுங்களேன், நானே கூட்டிட்டுப் போறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நாலந்தா வரைக்கும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போனேன். அவர் தூங்கவில்லை, வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை.

இரண்டு கைகளிலும் பை தூக்கிக்கொண்டு சந்தையிலிருந்து வருவதைப் பார்த்தேன். முத்துமாரியம்மன் தேருக்கு வடம் பிடித்தார் என்று கேள்விப்பட்டேன். என் மனதில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. வெறும் காற்றில் பறந்துபோகிற நோவு என்ன நோவு? இத்தனை வருடம் என்னிடம் ஜன்னலை வாங்கிக்கொண்டாரே, அதெல்லாம் நடிப்பா? நான் சந்தேகப் பிராணி இல்லை. ஆனால் அவருடைய வீட்டு வழியாக நடக்கும்போது அந்த அறை ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பேன். உள்ளே பச்சையாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். மெல்லிய இரைச்சல் கேட்கும். என்னை விட்டு அவரைப் பிரித்த சத்தம் அதுதான்.

வடக்கில் போர் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் தமிழ் வீடுகளில் யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள் என்று பொலிஸ் பதிந்துகொண்டு திரிந்தது. எனக்குப் பழக்கமான ஒரு சார்ஜன்ட் தேநீர்க் கடைக்கு வருவார். நாட்டு நிலைமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக, செல்வரத்தினத்தின் வீட்டில் இரவு முழுக்க ஒரு மெஷின் இரைகிறது, பச்சை வெளிச்சம் எரிகிறது, லண்டனிலிருந்து வந்ததாம் என்று சிங்களத்தில் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அது என்ன மெஷின் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நான் டாக்டர் இல்லையே.

அவரையும் மெஷினையும் ஒன்றாகத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிக்கவில்லை என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். சீமெந்து பெஞ்சில் உட்கார்த்தி வைத்துத் இது யாருக்குச் செய்தி அனுப்புகிற மெஷின் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். தூங்கினால் மூச்சு நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுச் சந்தேகம் இன்னும் கூடியிருக்கிறது. மீனாம்பிகை அழுதுகொண்டு என்னிடம்தான் ஓடி வந்தாள். நான் தயங்கவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய், என் சிங்களத்தையும் கச்சேரி உத்தியோகத்தையும் முன்னால் வைத்துப் பேசி, பிணைக்குக் கையெழுத்துப் போட்டு அவரை வெளியே எடுத்தேன். மெஷினைப் பரிசோதனைக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பழைய செல்வரத்தினம் திரும்பி வந்துவிட்டார் என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

"நீங்க இல்லாட்டி எங்களுக்கு யாருண்ணே?" என்று மீனாம்பிகை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யார் சொல்லியிருப்பார்கள் என்ற பேச்சு வந்தது. பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஸக்கரியா மீது அவர்களுக்குச் சந்தேகம். சுவருக்குச் சுவர் என்பதால் அந்த இரைச்சல் அவருக்குத்தானே கேட்கும். இருபது வருடமாக நோன்புக் கஞ்சியும் பொங்கலும் பரிமாறிக்கொண்ட வீடுகள் அவை. ஸக்கரியா ஒரு நாள் என்னைத் தெருவில் மறித்து, "தர்மராஜா அண்ணே, அல்லா மேல ஆணை, நான் ஒண்ணும் சொல்லலைங்க. நீங்களாவது அவங்கக்கிட்ட எடுத்துச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். ஸக்கரியாதான் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்னொரு மெஷின் அனுப்பட்டுமா என்று மகள் கேட்டாள். அந்தச் சனியன் இனி இந்த வீட்டுக்குள் வேண்டாம் என்றாள் மீனாம்பிகை. என்னிடம் யோசனை கேட்டார்கள். நிலைமை சரியாகும் வரை பொறுத்திருப்பதே புத்தி என்றேன். அடுத்த சனிக்கிழமையே நாங்கள் நாலந்தாவுக்குப் போனோம்.

சில மாதங்கள் கழித்து அந்தச் சார்ஜன்ட் என்னைக் கூப்பிட்டு மெஷினைத் திருப்பித் தந்தார். பிணை நின்றவன் நான் என்பதால் என்னிடம் தந்தார். அரிசிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு செல்வரத்தினத்தின் வீட்டுக்குத்தான் புறப்பட்டேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். வழியில்தான் ஒரு யோசனை வந்தது. பொலிஸ்காரர்கள் கழற்றிப் பூட்டிய சாமான். பழுதாகியிருந்தால் நோயாளிக்கு ஆபத்து இல்லையா? ஒரு இரவு நான் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுப்பதே பொறுப்பான காரியம்.

பழுதாகவில்லை. கமலாட்சி போன பிறகு அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை. ஒரு இரவு போதாது, நன்றாகப் பார்ப்போம் என்று வைத்துக்கொண்டேன். மழைக்காலம் வருவதற்குள் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட முடிந்தது. இப்போது போர் முடிந்துவிட்டது. மெஷின் என் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. பொலிஸில் தொலைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இப்போது நோவு இல்லை. ஆனாலும் பஸ் நிலையத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். நாலந்தாவில் சட்டையைக் கழற்றி எண்ணெய் பூசிக்கொள்கிறேன். போன சனிக்கிழமை செல்வரத்தினத்தின் குறட்டை வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றுபோனது. கடைசியில் அவரே திணறிக் கண்ணை விழித்து என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இப்பல்லாம் நீங்க பஸ்ல தூங்குறதே இல்லையே?"

"நோவு விட்டாத்தானே தம்பி தூங்க."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என் நோவுக்காக இருக்கும், கையை மெல்லத் தட்டிக் கொடுத்தார்.

சுகம் வந்ததும் கூட இருந்தவனை விட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும், அது எனக்குச் செய்யப்பட்ட பாவம். நான் அவரை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜன்னலோர இருக்கையை அவருக்கே கொடுக்கிறேன்.