எட்டாம் நம்பர் ரூம்காரன்

எழுதிக்கோங்க மேடம், முதல்ல எனக்குக் கெடுதல் பண்ணது நெட்டையன்தான். செத்தவனக் குறை சொல்லக் கூடாதுதான். அப்போ உயிரோட இருக்கறவன் நியாயத்த யாரு பேசுறது?

ஃபாரத்துல என்ன கேட்டிருக்கு? கடைசியா எப்பப் பேசினேன்னா? வர்றேன், இருங்க.

போன வாரத்துக்கு முந்தின வாரம் மீட்டிங். நீங்ககூட மூலையில இருந்தீங்களே. அத்தனை பேரு முன்னாடி எந்திரிச்சு, இவன் பழைய ஊசிய இடுக்கியால எடுக்கறதில்ல, வெறுங்கையால பொறுக்கறான்னுட்டான். உண்மைதான். நான் இல்லேங்கல. அத ரூமுக்கு வந்து சொல்றதுக்கென்ன? அவன் ரூம் எட்டு, என் ரூம் ஒம்போது. நடுவுல ஒத்தச் செங்கல் சுவரு. அவன் இருமினா என் தூக்கம் போயிரும்.

அதுக்காக ஆபீசுல என் ஊசிப் பையப் பிடுங்கிட்டாங்க. அஞ்சு வருஷம் அந்தப் பையத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேருமா பாலத்துக்கடியில, லாரி ஷெட்டுலன்னு சுத்தினோம். புது ஊசி குடுப்போம், பழச வாங்கிப் பெட்டியில போடுவோம். நாங்களும் ஒரு காலத்துல போதை ஊசி போட்டவங்கதானே, எங்க பேச்சுன்னா கேப்பாங்க. நெட்டையும் குட்டையும் வந்தாச்சும்பாங்க. அப்புறம் நெட்டை தனியாப் போனான். குட்டை ஆபீசுல உக்காந்து பஞ்சு உருட்டினான்.

அதுலருந்து பேச்சு கிடையாது. அவனா வந்து மன்னிப்புக் கேக்கட்டும்னு இருந்தேன். ஒத்தையா சமைச்சு ஒத்தையாத் தின்னேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் அவன் டம்ளர் வைக்கற சத்தம் கேக்கும்.

நாங்க எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான் மேடம். தனியாப் போடாதே. கூட ஆளில்லேன்னா பக்கத்துக் கதவ ரெண்டு தடவ தட்டிட்டுப் போடு. தட்டினா, கொஞ்ச நேரத்துல வந்து என்னைப் பாருன்னு அர்த்தம். மூச்சு நின்னுட்டிருந்தாலும் மூக்குல மருந்தடிச்சா எந்திரிச்சிருவான். நானே மூணு பேர எழுப்பியிருக்கேன். ஒருத்தன் எந்திரிச்சதும் என்னைத்தான் திட்டினான், போதையக் கெடுத்துட்டியேடான்னு.

பையோட மருந்தும் போச்சான்னா கேக்கறீங்க? இல்ல. அது சட்டப் பையிலயே இருந்துச்சு. இதோ. இன்னும் பிரிக்கல.

அஞ்சு வருஷம் தொடாதவன் ஏன் திரும்பப் போட்டான்னு என்னைக் கேட்டா? ஒத்தையா நடந்தா அந்தப் பாலம் ரொம்ப நீளம் மேடம். நான் நடந்ததில்ல. நினைச்சுப் பாத்தேன்.

கடைசியாப் பேசினதா? பேசல. செவ்வாக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருந்தேன். கதவு தட்டற சத்தம். ரெண்டு தடவ. அவன் கை எனக்குத் தெரியும். ஐயா வந்துட்டாரு மன்னிப்புக் கேக்கன்னு நினைச்சேன். இன்னும் நாலு தடவ தட்டட்டும், அப்புறம் திறப்போம்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

எழுதிட்டீங்களா? இதையும் எழுதிக்கோங்க. அவன் இன்னும் மன்னிப்புக் கேக்கல.