நெத்திலிக்கும் வெயிலு வோணும்

பாத்து தம்பி, அந்தப் பக்கம் காலு வெக்காத. வலைமேல பரப்பி இருக்கறது நெத்திலி. உன் பூட்ஸு பட்டா வீணாப் பூடும். ஓரமா நின்னு அள.

இன்னா, முழு மாடியும் வோணுமா? நல்லா இருக்குதே கதை. சோலார் பலகைக்கு வெயிலு வோணும், செரி. என் நெத்திலிக்கு வோணாமா? சூரியன் உங்க ஆபீசுல கேட்டுக்கினா வருது?

நெழலு உழக்கூடாதா? நெத்திலி இன்னா தென்னமரமா, நெழலு உழறதுக்கு?

கீழ தரையில காய வெச்சா இன்னான்னு கேக்குறியே, எந்த ஊருப்பா நீ? சேதராப்பட்டா? கடலு இல்லாத ஊரு, அதான பாத்தேன். மணல்ல காஞ்ச மீனு பல்லுல நறநறங்கும். பனித்திட்டு மீன் சந்தையில ஒருத்தி வாங்க மாட்டா, கோழித் தீவனத்துக்குத்தான் போவும். மாடி போச்சுன்னா என் அடுப்பு எரியாது தம்பி, அவ்ளோதான் விஷயம்.

காக்காவா? ஆமா, மீனு இருந்தா வரும், உன் பலகைமேல எச்சம் போடும். அதுக்கு ஒரு வழி சொல்றேன், சிரிக்காம கேளு. எப்பிடியும் நான் இங்க குச்சி வெச்சிக்கினு குந்திக்கினுதான் இருப்பேன். உன் பலகைக்கும் சேத்து ஓட்டுறேன். வாரத்துக்கு ரெண்டு தபா ஈரத்துணி போட்டுத் தொடைச்சும் வுடுறேன். இது உப்புக்காத்து ஊரு, தொடைக்கலன்னா உன் பலகையே கருவாடாப் பூடும். கூலி வோணாம். இந்தக் கெழக்கு ஓரத்துல ரெண்டு பாய் அகலம் வுடு. ஒரு பலகை கொறையும், கொறஞ்சா கொறையட்டும்.

அப்பிடிப் போடு கோட்ட. இன்னும் ஒரு சாண் தள்ளு. ஒடஞ்சா பூடுவ? ஆங், அங்கதான்.

கையெழுத்தா? நான் எதுக்குப் போடணும்? வூடு வைஜெயந்தி அக்காவோடது. சும்மா காய வெச்சிக்கடின்னு எனக்கு மாடியத் தொறந்துவுட்ட மகராசி. கீழதான் படுத்திருக்குது, போய் வாங்கிக்க. கோடு போட்டத மட்டும் அழிச்சிடாத, அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்.

என் வூடா? அதோ, முருங்கமரத்துக்குப் பக்கத்துல, சிமிட்டி சீட்டுக் கூரை போட்டது. நேத்து நீதான வந்த. இந்தக் கூரை தாங்காது, உங்களுக்கு இந்தத் திட்டம் இல்லம்மான்னு வாசல்லியே நின்னு சொல்லிட்டுப் போனியே, அது எங்கிட்டதான். தலையில கூடை இருந்துது, மூஞ்சப் பாத்திருக்க மாட்ட.