அவருக்குன்னு வச்சது

ஐயோ, அத மூடிக் கீழ வைம்மா! உன்னத்தான். அப்பாவுக்கு அந்த இளநீரக் குடுத்துடாத. டயாலிசிஸ் முடிஞ்சப்புறமும் வேணாம். கோவிச்சுக்காத, தமிழ்ல பேசிட்டிருந்தியா, அதான் எந்திரிச்சு ஓடியாந்தேன்.

தெரியும்மா, உடம்புக்குக் குளிர்ச்சி, கிட்னிக்கு நல்லது. நம்மாளுங்க எல்லாருக்கும் அதானே தெரியும்? கிட்னி நல்லா இருக்கறவங்களுக்குத்தான் அது. இளநீர்ல பொட்டாசியம் ஜாஸ்தி. நமக்குன்னா கிட்னி மிச்சத்தப் பிரிச்சு யூரின்ல அனுப்பிடும். பாவம், அது பாட்டுக்கு நாள் பூரா ரத்தத்த வடிகட்டும், உப்பப் பாக்கும், பிரஷரப் பாக்கும், ரத்தம் ஊறவும் அதான் வேணும். உள்ள இருக்கறதே தெரியாது. அது படுத்துடுச்சுன்னா பொட்டாசியம் ரத்தத்துலயே தேங்கிப் போய் ஹார்ட்ட நிறுத்திடும். நம்பலன்னா உள்ள டயட்டீஷியன் இருக்கா, கேட்டுப் பாரு.

எனக்கு எப்படித் தெரியும்னா... என் வீட்டுக்காரர் தாமஸ் இங்கதான் வந்துட்டிருந்தாரு. உள்ள ஜன்னலோரச் சேரு. சர்ச்லேர்ந்து ஜெர்ரி அண்ணன் ஒரு நாள் வீட்டுக்குப் பாக்க வந்தாரு, ஓக் ட்ரீ ரோட்ல நம்மூரு கடைல வாங்குன இளநீரோட. இவருக்குத் தண்ணியே அளந்துதான், நாக்கு வறண்டு கெடந்த மனுஷன். ஆசை ஆசையா குடிச்சுட்டாரு. நான் ஆபீஸ்லேர்ந்து வந்தப்ப சோஃபால சாஞ்சிருந்தாரு, டிவி ஓடிட்டிருந்துச்சு. தூங்கறாருன்னு நெனச்சு சத்தத்தக் கொறச்சேம்மா நானு.

ஜெர்ரி அண்ணன என்னன்னு திட்டுறது? பாசத்துல செஞ்சது. இன்னிக்கும் என்னப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கறாரு.

யாரு, நானா? சேச்சே, நான் பேஷண்ட் இல்ல. சும்மா வந்து உக்காருவேன். அவரோட டயாலிசிஸ் நாளு வந்துட்டா வீட்ல இருப்பு கொள்ளல. ரிசப்ஷன்ல அந்தப் பொண்ணுக்கும் தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டா.

அழல, விடு. அவருக்கு என் கிட்னிதான் மேட்ச் ஆச்சு. டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சு ஆபரேஷனுக்கு டேட் கூடக் குடுத்துட்டாங்க. மனுஷன் அதுக்குள்ள முந்திக்கிட்டாரு. அவருக்குன்னு வச்சது இன்னும் எனக்குள்ளயே ஓடிட்டிருக்கு. பாத்ரூம் போனாக்கூட, இது அவருக்கு வர வேண்டியதாச்சேன்னு தோணுது. அடுத்தவங்க பொருள வச்சுக்கிட்டுத் திரியற மாதிரி இருக்கும்மா, தூக்கமே வர மாட்டேங்குது.

அது சரி, உங்கப்பாவுக்கு என்ன ப்ளட் குரூப்பு?